தேவாங்குக்கு ஒரு படப்புத்தகம்: முதல் யோசனையிலிருந்து அச்சு வரை

குழந்தைகளுக்கு விலங்குக் கதை எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் முழுக்கதையைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருவார்கள். நாலைந்து பக்கம், நல்ல தமிழ். "இதுக்குப் படம் போட ஒருத்தர் கிடைச்சா போதும், புத்தகம் ரெடி" என்பார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. படப்புத்தகத்தில் எழுத்து பாதிதான் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் எழுத்தே சொல்லி முடித்துவிட்டால் ஓவியருக்கு வேலை இல்லை, குழந்தைக்கும் இல்லை.

அதனால் இங்கே வரிசைதான் முக்கியம். முதலில் விலங்கின் பழக்கம், அப்புறம் உண்மைகள், பக்கக் கணக்கு, கட்டங்கள், அதற்குப் பிறகுதான் வாக்கியம். எடுத்துக்காட்டுக்குத் தேவாங்கை எடுத்துக்கொள்கிறேன். நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைக்குப் பெரியவர் வாசித்துக்காட்டும் 24 பக்கப் புத்தகம் என்று வைத்துக்கொள்வோம்.

தொடங்கும் முன் தேவையானவை

யாருக்கான புத்தகம், யார் வாசிக்கப்போகிறார் என்ற இரண்டையும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். தாத்தா மடியில் உட்கார்ந்து கேட்கும் குழந்தைக்கான புத்தகமும், இரண்டாம் வகுப்புப் பிள்ளை தானே எழுத்துக்கூட்டி வாசிக்கும் புத்தகமும் ஒன்றல்ல. முதலாவதில் தெரியாத சொல் இரண்டொன்று வரலாம், வாசிப்பவர் குரலிலேயே பொருள் புரிந்துவிடும். இரண்டாவதில் ஒரு கடினமான சொல் வந்தால் பிள்ளை அங்கேயே புத்தகத்தை மூடிவிடும்.

அளவு தெரிய வேண்டுமானால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் உள்ள தமிழ்க் கதைகளைப் பாருங்கள். அங்கே முதல் நிலைக் கதைக்கு 250 சொற்கள், இரண்டாம் நிலைக்கு 600 சொற்கள் வரை என்று கணக்கு. தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்து வந்திருக்கின்றன. அவற்றையும் வரிசையாக வாசியுங்கள். ஒரு எச்சரிக்கை: 'பிடித்துக்கொண்டிருந்தது' என்பது தமிழில் ஒரே சொல். அதனால் 250 என்ற கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் 150 என்று வைத்துக்கொள்வது நல்லது.

பொருள்கள் என்று பார்த்தால் ஏ4 தாள், ஒரு ஏ3 தாள், பென்சில், அழிரப்பர், ஸ்டேப்ளர் போதும். கணினி ஒன்பதாவது படிக்குத்தான் வேண்டும். முன்னாலேயே திறந்தால் எழுத்துரு தேடுவதில் வாரம் போய்விடும்.

1. விலங்கை அல்ல, அதன் ஒரு பழக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்

"யானையைப் பற்றி எழுதப்போகிறேன்" என்பது தலைப்பு மட்டும்தான். அதில் இன்னும் கதை இல்லை. அந்த விலங்கு செய்யும் ஏதாவது ஒரு காரியத்தைப் பிடியுங்கள்.

தாய்த் தேவாங்கு, குட்டி பிறந்த முதல் சில வாரம் அதை வயிற்றில் ஒட்டிக்கொண்டபடியே சுமந்து திரியும். கொஞ்சம் வளர்ந்ததும் இரவில் குட்டியை ஒரு கிளையில் விட்டுவிட்டு இரைதேடப் போய்விடும். பிறகு திரும்பி வந்து எடுத்துக்கொள்ளும். அம்மா வேலைக்குப் போகும் வீட்டில் வளரும் எந்தக் குழந்தைக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

எடுத்த பழக்கம் கதைக்குத் தாங்குமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. அதை ஒரே வரியில், நடுவே 'ஆனால்' போட்டுச் சொல்லிப் பாருங்கள். "அம்மா இரைதேடப் போக வேண்டும், ஆனால் குட்டியால் அவ்வளவு தூரம் வர முடியாது." "நண்டு வளரும், ஆனால் அதன் ஓடு வளராது." "ஆண் தூக்கணாங்குருவி பாதிக் கூடு கட்டிவிட்டது, ஆனால் பெண் குருவிக்குப் பிடித்தால்தான் மீதி." மூன்றும் தாங்கும். "மயிலுக்கு அழகான தோகை உண்டு" என்பதில் 'ஆனால்' நுழைய இடமில்லை, அது பாடப்புத்தகத்துக்குப் போகட்டும்.

தந்திர நரி, நன்றியுள்ள நாய், கர்வம் பிடித்த மயில் என்று தொடங்குகிறவர்களுக்கு ஒன்று. அவை மனிதக் குணத்துக்கு விலங்கு வேஷம் போட்ட கதைகள். எழுதலாம், தப்பில்லை. ஆனால் அதை விலங்குகளைப் பற்றிய புத்தகம் என்று சொல்லாதீர்கள்.

2. உண்மைகளை மூன்று பத்தியாகப் பிரியுங்கள்

நோட்டில் மூன்று கோடு போட்டு 'உறுதி', 'சரிபார்க்கணும்', 'கேள்விப்பட்டது' என்று எழுதிக்கொள்ளுங்கள். படித்ததும் கேட்டதும் பார்த்ததும் மனதில் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. அதனால்தான் இந்த ஏற்பாடு.

தேவாங்குக்கு 'உறுதி'யில் வருபவை: இரவில் நடமாடும். மரத்துக்கு மரம் தாவாது, ஒவ்வொரு கையாக மாற்றிப் பிடித்து மெதுவாகப் போகும். கூடு கட்டாது, பகலில் கிளைகள் அடர்ந்த இடத்தில் சுருண்டு தூங்கும். பெரும்பாலும் பூச்சிகளைத்தான் தின்னும், எறும்பும் கறையானும் அதில் நிறைய. வெளியே தெரிகிற மாதிரி வால் கிடையாது.

இந்தப் பட்டியல் எழுத்துக்கு உதவுவதைவிடப் படத்துக்கு அதிகம் உதவும். தேவாங்கைக் குரங்கு மாதிரி நினைத்து நீள வாலோடு, கையில் வாழைப்பழத்தோடு வரைந்த மாதிரிப் படங்கள் என் மேஜைக்கு அடிக்கடி வருகின்றன. பின்னணியில் அருவியும் பெரணியும் இருக்கும். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் 2022இல் அறிவித்த கடவூர் தேவாங்கு சரணாலயம் வறண்ட முட்காடு. வேலமரமும் கள்ளியும் வெளிறிய பாறையும்தான் அந்தக் கதையின் மேடை.

'கேள்விப்பட்டது' பத்தியில் சகுன நம்பிக்கைகள் வரும். தேவாங்கைப் பார்த்தால் ஆகாது என்பது போன்றவை. இவற்றைப் புத்தகத்தில் மறுக்கக்கூடச் செய்யாதீர்கள். நாலு வயதுக் குழந்தைக்கு மறுப்பு மறந்துபோகும், பயம் நிற்கும். பெரியவர்களுக்கான குறிப்பில் வேண்டுமானால் ஒரு வரி எழுதலாம்.

நேரில் பார்க்கப் போவதாக இருந்தால், காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. இரவு விலங்கின் கண்ணில் வெள்ளை டார்ச் அடிப்பதும் கொடுமை. உண்மையில் விலங்கைப் பார்ப்பதைவிட அது வாழும் மரங்களைப் பகலில் போய்ப் பார்ப்பது அதிக லாபம். பட்டை எப்படி உரியும், முள் எந்தப் பக்கம் நீளும் என்பதெல்லாம் போட்டோவில் சரியாகத் தெரியாது.

அந்த விலங்கை அறிந்த ஒருவரிடம், கல்லூரி விலங்கியல் ஆசிரியராக இருந்தாலும் போதும், பென்சில் படம் முடிந்ததும் காட்டுவதாக இப்போதே பேசிவைத்துவிடுங்கள். வண்ணம் முடிந்த பிறகு காட்டினால் அவர் சொல்லும் திருத்தத்தைக் கேட்க யாருக்கும் மனம் வராது.

3. விலங்கு பேசுமா, யோசிக்குமா என்று முடிவு செய்யுங்கள்

மூன்று வழி இருக்கிறது. விலங்கு விலங்காகவே இருக்கும், சொல்பவர் வெளியிலிருந்து சொல்வார். அல்லது அதற்கு மனசு மட்டும் உண்டு, பேச்சு கிடையாது. அல்லது பேசும், பள்ளிக்கூடம் போகும், சட்டை போடும். எதுவும் தாழ்வில்லை. ஆனால் ஒன்றைத் தேர்ந்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துவிட வேண்டும். ஆறாவது பக்கம் வரை பேசாத விலங்கு ஏழாவது பக்கத்தில் திடீரென்று வாய் திறந்தால், "அது எப்படிப் பேசுச்சு?" என்று குழந்தை கேட்கும். அப்புறம் கதையைக் கேட்காது.

தேவாங்குக் கதைக்கு நான் நடுவழியைத்தான் எடுப்பேன். காத்திருப்பது அமைதியான வேலை. குட்டி வாய் திறந்தால் அந்த அமைதி போய்விடும்.

தமிழில் இதோடு இன்னொரு முடிவும் சேர்ந்தே வரும். வந்தான், வந்தாள், வந்தது: வினைமுற்று ஒவ்வொரு வாக்கியத்திலும் உங்களைப் பிடித்துக் கேட்கும். 'அது' போட்டால் கொஞ்சம் தள்ளி நிற்கும். 'அவன்' போட்டால் ஆண்பிள்ளை ஆகிவிடும். விலங்குக் கதைகளில் யோசிக்காமலே எல்லாரும் 'அவன்' ஆகிவிடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இதற்கு மொழியிலேயே வழி இருக்கிறது. "குட்டிக்குப் பசித்தது." "குட்டிக்கு ஒரு சத்தம் கேட்டது." "குட்டிக்குத் தூக்கம் வந்தது." உணர்வு சொல்லும் வாக்கியங்கள் '-க்கு' என்று தொடங்கினால் குட்டி ஆணா பெண்ணா அஃறிணையா என்ற கேள்வியே எழாது. கேட்பவர் குட்டியின் மனசுக்குள்ளும் போய்விடுகிறார். காரியம் செய்யும் இடங்களில் மட்டும் 'அது' வரட்டும்.

4. எழுதுவதற்கு முன் பக்கத்தை எண்ணுங்கள்

அச்சில் பக்கங்கள் ஒன்றொன்றாக வருவதில்லை. ஒரு பெரிய தாளை மடித்தால் 8 அல்லது 16 பக்கம் கிடைக்கும். 16 பக்கம் ஒரு பாரம். அதனால்தான் படப்புத்தகங்கள் 16, 24, 32 என்று நிற்கின்றன. "என் கதை 19 பக்கம் வருது" என்றால் மிச்சத்துக்கும் சேர்த்துத்தான் காசு.

24 பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். அட்டை தனி. 1ஆம் பக்கம் வலதுபுறம், அதில் தலைப்பு. 2–3 எதிரெதிரே திறக்கும் முதல் இரட்டைப் பக்கம். இப்படியே 22–23 வரை போனால் 11 இரட்டைப் பக்கங்கள். 24ஆம் பக்கம் தனியாக இடதுபுறம். பதிப்பு விவரத்தை முன்னட்டையின் உட்புறத்திலும், தேவாங்கு பற்றிய உண்மைக் குறிப்புகளைப் பின்னட்டையின் உட்புறத்திலும் வைத்தால் கதைக்கு 11 இரட்டைப் பக்கமும் கடைசி ஒற்றைப் பக்கமும் முழுசாகக் கிடைக்கும். 16 பக்கம் என்றால் 7 இரட்டை, 32 என்றால் 15.

குழந்தை பார்ப்பது ஒற்றைப் பக்கத்தை அல்ல, விரித்த இரண்டையும்தான். இனி எதை எண்ணினாலும் இரட்டைப் பக்கமாகவே, அதாவது விரிப்பாகவே எண்ணுங்கள்.

5. ஒரே தாளில் கட்டம் போடுங்கள்

ஒரு ஏ3 தாளில் 11 நீள்சதுரம், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கோடு. கடைசியில் ஒரு சதுரம். உள்ளே குச்சிப் படம் போதும். அழகாக வரையத் தெரிந்தவர்கள் இந்தப் படியில் கஷ்டப்படுவார்கள். அழகாக வந்துவிட்ட கட்டத்தை அழிக்க மனசு வராது.

தேவாங்குக்கு நான் போடும் கட்டங்கள் இவை:

முதல் விரிப்பு அந்தி நேரம், முட்காடு முழுதும். கிளைகளுக்குள் தேவாங்குகள் சுருண்டு கிடக்கும், தேடினால்தான் தெரியும். இரண்டாவதில் அம்மாவின் கண் திறக்கிறது, வயிற்றில் குட்டி. மூன்றில் குட்டியைக் கிளையில் விடுகிறது அம்மா. நான்கில் குட்டி மட்டும், பக்கத்தில் முக்கால்வாசி வெறும் இருட்டு. ஐந்தில் ஒரு சரசரப்பு, வலது ஓரத்தில் இலை மட்டும் ஆடுகிறது. திருப்பினால் ஆறில் ஒரு வண்டு. ஏழில் இன்னொரு சத்தம், இந்த முறை கிளையே வளைகிறது. எட்டில் வேறொரு பெரிய தேவாங்கு. பயப்பட ஒன்றுமில்லை. கிளையில் விட்ட குட்டிகளிடம் ஆண் தேவாங்குகள் வந்து விளையாடுவதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள், ஆகவே இது இட்டுக்கட்டியதும் அல்ல. ஒன்பதில் அதுவும் போய்விட, வானம் லேசாக வெளுக்கிறது. பத்தில் எழுத்தே இல்லை: தூரத்துக் கிளையில் இரண்டு கண்கள். பதினொன்றில் அம்மா. 24ஆம் பக்கத்தில் இரண்டும் சுருண்டு தூங்குகின்றன.

இந்தத் தாளை வைத்து இரண்டு விஷயம் சரிபாருங்கள்.

முதலாவது, பக்கம் திருப்பும் இடம். ஐந்து, ஏழு, பத்து மூன்றிலும் கேள்வி வலதுபக்கத்தில் நிற்கிறது, விடை திருப்பினால்தான். வண்டையும் சரசரப்பையும் ஒரே விரிப்பில் வைத்தால் திருப்புவதற்கு ஒரு காரணம் குறைந்துபோகும்.

இரண்டாவது, தூரம். ஒவ்வொரு கட்டத்தின் கீழும் 'தூரம்', 'நடு', 'அருகு' என்று எழுதுங்கள். 'நடு, நடு, நடு' என்று மூன்று தொடர்ந்து வந்தால் ஒன்றை மாற்றுங்கள். புதிதாகச் செய்பவர்களின் கட்டங்கள் பெரும்பாலும் முழுக்க 'நடு'தான். விலங்கு முழுசாகத் தெரிய வேண்டும் என்று நினைப்பதால் வருவது அது. இரண்டாவது விரிப்பில் கண் மட்டும் இரு பக்கமும் நிறைத்து வந்தால் என்ன குறைந்துவிடும்?

6. இப்போது எழுதுங்கள், எழுதியதில் பாதியை வெட்டுங்கள்

நான்காவது விரிப்புக்கு முதலில் எழுத வருவது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"கும்மிருட்டான இரவில், உருண்டையான பெரிய கண்களை உடைய அந்தச் சின்னஞ்சிறு தேவாங்குக் குட்டி, வேலமரத்தின் கிளையை இறுகப் பிடித்துக்கொண்டு தனியாகப் பயத்துடன் அமர்ந்திருந்தது."

இருட்டு படத்தில் இருக்கிறது. கண், மரம், கிளை, பிடி, சின்ன உருவம், தனிமை எல்லாம் படத்தில் இருக்கின்றன. படத்தில் இல்லாதது எது? குட்டி யாரை நினைக்கிறது, எவ்வளவு நேரமாக என்பதுதான். அப்படியானால் எழுத்து இவ்வளவு போதும்:

"அம்மா போயாச்சு.
குட்டி கிளையை விடவில்லை."

படத்தில் இல்லாத ஒலி, மணம், நேரம், நினைப்பு இவைதான் எழுத்தின் பங்கு. ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, "இதை ஓவியர் வரைந்துவிட்டால் இந்த வரி தேவையா?" என்று கேளுங்கள். தேவையில்லை என்றால் வரியை வெட்டி, ஓவியருக்கான குறிப்புக்கு மாற்றுங்கள்.

எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா என்று எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சண்டை நடக்கும். என் பழக்கம் இது: சொல்பவர் எழுத்துத் தமிழில் சொல்லட்டும், ஆனால் சின்ன வாக்கியத்தில். பேச்சும் நினைப்பும் பேச்சுத் தமிழில் இருக்கட்டும். மேலே 'போயாச்சு' என்பது குட்டியின் நினைப்பு, 'விடவில்லை' என்பது சொல்பவர் குரல். பேச்சுத் தமிழிலேயே முழுப்புத்தகமும் எழுதினால் நெல்லைக்கும் கோவைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வாசிக்கும் வாய் மாறும். எழுத்துக்கூட்டும் குழந்தையும் திணறும்.

சந்தியைப் பிரித்து எழுதுங்கள். 'கிளையிலமர்ந்தது' வேண்டாம், 'கிளையில் அமர்ந்தது' போதும். ஒற்று மிகும் இடத்தில் மிகட்டும், அது எழுத்தைக் கெடுக்காது. எச்சங்களை அடுக்காதீர்கள். 'எழுந்து, சோம்பல் முறித்து, எட்டிப் பார்த்து, இறங்கி' என்று போனால் குழந்தைக்கு முதல் வினை மறந்துவிடும். சரசர, கிர்ர்ர், விசுக் போன்ற ஒலிக்குறிப்புகள் தமிழில் கொட்டிக் கிடக்கின்றன, கஞ்சத்தனம் வேண்டாம். எதுகைக்காகப் பொய் சொல்ல மட்டும் வேண்டாம். 'தாவி' என்ற சொல் எதுகைக்கு ஒத்துவருகிறது என்பதற்காகத் தேவாங்கைத் தாவவைத்தால் இரண்டாவது படியில் செய்த வேலை வீண்.

கடைசியில், பின்னட்டைக்குப் பக்கத்தில் ஒரு நீதி எழுதக் கை துறுதுறுக்கும். "ஆகவே குழந்தைகளே" என்று தொடங்கும் எதையும் எடுத்துவிடுங்கள்.

7. டம்மி செய்து வாசித்துக்காட்டுங்கள்

ஆறு ஏ4 தாளை நடுவில் மடித்தால் 24 பக்கம். மடிப்பில் இரண்டு பின். கட்டங்களைப் பெரிதாக, பென்சிலில், தோராயமாக வரையுங்கள். வாக்கியங்களைக் கையால் எழுதுங்கள். இதுதான் டம்மி. கணினித் திரையில் பார்க்கும்போது பக்கம் திருப்புவதன் நேரம் கைக்குத் தெரியாது. நடு மடிப்பில் குட்டியின் முகம் விழுவதும் தெரியாது. டம்மியில் இரண்டும் உடனே தெரியும்.

வாசிப்பது நீங்களாக இருக்கக் கூடாது. எழுதியவர் தன் குரலாலேயே ஓட்டைகளை அடைத்துவிடுவார். கதை தெரியாத வேறொருவரிடம் கொடுங்கள், நீங்கள் ஓரமாக உட்கார்ந்து குழந்தைகளின் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். வாசிப்பவர் தடுக்கும் இடத்தில் வாக்கியம் தப்பு. குழந்தை முன்கூட்டியே பக்கத்தைத் திருப்பினால் அங்கே எழுத்து அதிகம். திரும்பிப் பின்னால் போனால் ஏதோ நல்லது நடந்திருக்கிறது, அந்தப் பக்கத்தைத் தொடாதீர்கள்.

"பிடிச்சிருக்கா?" என்று கேட்பது வீண். "பிடிச்சிருக்கு மிஸ்" என்றுதான் பதில் வரும். "அடுத்த பக்கத்துல என்ன இருக்கும்?" என்று கேளுங்கள்.

இந்த இடத்தில் பாதை பிரியும். பதிப்பகத்துக்கு அனுப்புவதாக இருந்தால் வாக்கியங்களை விரிப்பு எண்ணோடு தட்டச்சு செய்து, படம் சொல்ல வேண்டியதை மட்டும் அடைப்புக்குறிக்குள் எழுதி அனுப்புங்கள். நீங்கள் ஓவியராக இல்லாவிட்டால், தெரிந்தவர் ஒருவரை வைத்து எல்லாப் படத்தையும் வரைந்து அனுப்ப வேண்டாம். ஓவியரைத் தேர்வதைப் பதிப்பாசிரியர்கள் தங்கள் வேலையாக வைத்திருக்கிறார்கள், படம் பிடிக்காமல் கதையும் சேர்ந்து திரும்பி வரும். நீங்களே வெளியிடுவதானால் அடுத்த படிக்கு வாருங்கள்.

8. ஓவியரோடு வேலை செய்யும் வரிசை

முதலில் காகிதம், அப்புறம் தூரிகை. மொத்தத் தொகையா, விற்பனையில் பங்கா, முன்பணம் எவ்வளவு, படங்களின் உரிமை யாருக்கு, எத்தனை முறை திருத்தம் கேட்கலாம், அட்டையில் பெயர் எந்த அளவில் என்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நண்பராக இருந்தால் கட்டாயம் போடுங்கள்.

பிறகு வரிசை: உருவத்தாள், பென்சில் படங்கள், ஒரே ஒரு விரிப்புக்கு வண்ண மாதிரி, அதன்பின் மற்ற வண்ணங்கள். உருவத்தாள் என்பது ஒரே தாளில் அம்மாவையும் குட்டியையும் முன், பக்கவாட்டு, பின் தோற்றங்களில் வரைவது. இதைத் தவிர்த்தால் மூன்றாம் பக்கத்துக் குட்டியும் பதினேழாம் பக்கத்துக் குட்டியும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

தேவாங்கின் உருவத்தாளில் கையைப் பெரிதாக வரைந்து பாருங்கள். கட்டைவிரல் மற்ற விரல்களிலிருந்து நன்றாக விலகி நிற்கும், ஆள்காட்டி விரல் குட்டையாக இருக்கும். கிளையைப் பிடிக்கும் பிடியே இந்தக் கதையின் உயிர் என்பதால் கை தப்பினால் கதை தப்பும். கண்கள் இரண்டும் முன்பக்கம் பார்த்து நெருங்கி இருக்க வேண்டும், பக்கவாட்டில் ஒதுங்கினால் அணில் ஆகிவிடும்.

ஓவியரிடம் எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது? உண்மையைச் சொல்லுங்கள்: வால் கிடையாது, கூடு கிடையாது, பழம் கிடையாது, மனிதக் கையில் தேவாங்கு வேண்டாம். கடைசியாகச் சொன்னது சட்டத்தோடும் சம்பந்தப்பட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கைக் குழந்தை மடியில் வைத்துக் கொஞ்சுகிற படம், பிடித்து வளர்க்கலாம் என்று சொல்வதாகிவிடும். மற்றபடி "குட்டி இடது மூலையில், நிலா வலது மேலே" என்று இடம் குறிக்காதீர்கள். அவர் உங்களைவிட நன்றாக யோசிப்பார்.

இணையத்துப் போட்டோவை அப்படியே பார்த்து வரைவது பதிப்புரிமைச் சிக்கல். பல போட்டோக்களைப் பார்த்து உடலமைப்பைப் புரிந்துகொள்ளலாம், ஒன்றை நகலெடுக்கக் கூடாது.

9. எழுத்துருவும் பக்க அமைப்பும்

இங்கே தமிழுக்கென்று சில தொல்லைகள் உண்டு. பழைய பாமினி, டாம் குறியீட்டு எழுத்துருக்களை விட்டு, யூனிகோடிலேயே தட்டச்சு செய்யுங்கள். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் வைப்பவர், பத்தி அமைப்பில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் உட்காரும். பிழை திருத்துபவர் கண்ணுக்கு இது பழகிப்போய்த் தப்பிவிடுவதும் உண்டு.

அளவு 20 முதல் 24 புள்ளி. ண, ன, ணை, னை தெளிவாக வேறுபடும் எழுத்துருவாகப் பாருங்கள். சுருள் சுருளான அலங்கார எழுத்து தலைப்புக்கு மட்டும். வரியை மூச்சுவிடும் இடத்தில் உடையுங்கள், பெட்டி முடிகிற இடத்தில் அல்ல. "குட்டிக்கு / ஒரு சத்தம் கேட்டது" சரி, "குட்டிக்கு ஒரு சத்தம் / கேட்டது" வாசிப்பவரைத் தடுக்கும். சொல்லை நடுவில் உடைப்பது எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

இரவுக் கதையில் எழுத்தை எங்கே வைப்பது என்பது பெரிய கேள்வி. கருநீலத்தில் வெள்ளை எழுத்து பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அச்சில் நான்கு மைத் தகடுகள் மயிரிழை விலகினாலும் மெல்லிய கோடுகள் அடைத்துக்கொள்ளும், ண, ஞ போன்ற எழுத்துகளின் சுழி மூடிப்போகும். தடித்த எழுத்தாக வையுங்கள். இன்னும் நல்லது, நிலவொளி விழும் பாறை, வெளிறிய வானம் என்று படத்திலேயே வெளிச்சமான ஓர் இடம் விட்டு அதில் கறுப்பு எழுத்து. இதை ஓவியரிடம் பென்சில் நிலையிலேயே சொல்ல வேண்டும்.

நடு மடிப்பில் முகமோ எழுத்தோ வராமல் பாருங்கள். படம் ஓரம் வரை போனால் நாலாபக்கமும் 3 மி.மீ. கூடுதலாக வரைந்திருக்க வேண்டும், வெட்டும்போது வெள்ளைக்கோடு தெரியாமல் இருக்க. எழுத்து ஓரத்திலிருந்து ஒரு செ.மீ. உள்ளே இருக்கட்டும்.

10. அச்சகத்தில்

படங்கள் அச்சிடும் அளவில் 300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்க வேண்டும். திரையின் நிறமுறையான ஆர்.ஜி.பி.யில் ஒளிரும் நீலம், அச்சின் நான்கு மை முறையான சி.எம்.ஒய்.கே.வுக்கு மாறியதும் மங்கிவிடும். இரவுக் கதைக்கு இது அடியோடு பாதிக்கும் என்பதால் ஓவியர் தொடக்கத்திலிருந்தே மாற்றிப் பார்த்துக்கொண்டு வண்ணம் தீட்டட்டும். கறுப்பு எழுத்து கறுப்பு மையில் மட்டும் இருக்கிறதா என்று கேளுங்கள், நான்கு மையும் கலந்த கறுப்பில் எழுத்து மங்கலாகும்.

இருண்ட பக்கங்களில் நான்கு மைகளின் சதவீதத்தைக் கூட்டினால் 300ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. தாண்டினால் மை காயத் தாமதமாகி எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். உங்கள் அச்சகத்தின் வரம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாள், பளபளப்பில்லாத மேட் ஆர்ட் பேப்பர், 130 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அல்லது அதற்கு மேல். பளபளப்பானதில் விளக்கு வெளிச்சம் பட்டுக் கண் கூசும், இரவில் படுக்கையில் வாசிக்கும் புத்தகத்துக்கு அது ஆகாது. பூச்சில்லாத சாதாரண மேப்லித்தோ தாளில் இருட்டு நிறங்கள் உறிஞ்சப்பட்டுச் சாம்பலாகும். அட்டைக்கு 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் போர்டு, மேட் லேமினேஷன். 24 பக்கத்துக்கு நடு மடிப்பில் அடிக்கும் சென்டர் பின் போதும், பக்கம் தட்டையாக விரியும்.

எந்தத் தாளில் அச்சாகுமோ அதே தாளில் ஒரு இருட்டு விரிப்பை மட்டும் மாதிரி எடுத்துத் தரச் சொல்லுங்கள். கொஞ்சம் செலவாகும், கொடுங்கள். பி.டி.எஃப்.பைப் பார்த்து 'ஓகே' சொல்லிவிட்டு, கட்டுக்கட்டாகக் கறுத்த புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தவர்கள் பலர்.

11. எண்ணும் பிரதிகளும்

புத்தகத்தை உலகெங்கும் அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணை மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே வழங்குகிறது, இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அட்டை வடிவமைப்பு முடியும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள், பார்கோடுக்குப் பின்னட்டையில் இடம் வேண்டும்.

நீங்களே பதிப்பாளர் என்றால் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட மற்ற மூன்று பொது நூலகங்களுக்கும் உங்கள் செலவில் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். சொந்தமாக வெளியிடுகிறவர்கள் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். விலை வைக்கும்போதே இந்தப் பிரதிகளையும், கடைக்காரர் கழிவையும், அன்பளிப்பாகப் போகப்போவதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புத்தகக் கட்டுகள் வந்ததும் மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் வேறு வேறு கட்டுகளிலிருந்து சில பிரதிகளை உருவிப் பாருங்கள். பக்க வரிசை சரியா, பின் மடிப்பின் நடுவில் விழுந்திருக்கிறதா, பின்னின் முனை உள்ளே நன்றாக மடங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். முனை நீட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கட்டு முழுவதையும் திருப்பி அனுப்பி வேறு பின் போடச் சொல்லுங்கள்.